இறங்கத் தெரியாத மாப்பிள்ளை

சென்னியப்பனுக்குச் சைக்கிளில் ஏறத் தெரியும். மிதிக்கத் தெரியும். மணியடிக்கத் தெரியும். இறங்க மட்டும் தெரியாது. மாமனார் ஊரான கரட்டுப்பாளையத்தின் எல்லைக்குள் நுழையும்போதும் அது அவனுக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவன் போட்டிருந்த திட்டத்தில் இறங்குகிற வேலையே கிடையாது.

சொல்லிக்கொடுத்த சின்னராஜ் மேல் குற்றமில்லை. அவன் மேட்டூர் அணைக்கட்டு வேலையில் இருந்தவன். போன வருஷம் அணை முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து அந்தச் சைக்கிளை வாங்கிக்கொண்டு எருமப்பட்டிக்கு வந்து சேர்ந்தான். துரை ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். சைக்கிளும் அவரைப் போலத்தான் இருந்தது. சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கும். மைல்கல் மேல் ஏறி நின்று, அங்கிருந்து தாவித்தான் உட்கார வேண்டும்.

"எறங்கறது எப்படிடா?" என்று நேற்றுச் சாயங்காலமே கேட்டான்.

"ஏறுனது இன்னிக்குப் போதும். எறங்கறத நாளைக்குச் சொல்லித் தாரேன்" என்று சொன்ன சின்னராஜ், கூடவே ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அந்த நாளைக்கு வரை சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. விடிந்ததும் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விஷயம் இதுதான். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் தங்கசாமி வண்டி பூட்டிக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப்போனார். புதுசாய்க் கட்டிக்கொண்டவர்கள் ஆடியில் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. ஆவணி பிறக்கிற வரைக்கும் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் துணி மூட்டையைக் கட்டும்போது வசந்தாமணி அவனைப் பார்த்து மெதுவாக ஒன்று கேட்டாள்.

"நாம்போயிட்டா உங்களுக்கு என்னயத் தேடுங்களா?"

ஒருத்தரைக் காணாமல் மனசு அலைபாய்வதை அந்தப் பக்கத்தில் தேடுது என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அப்போதே தேட ஆரம்பித்திருந்தது. ஆனால் வாசலில் பங்காளிகள் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆம்பிளை என்ன செய்வான்?

"எனக்கென்ன தேடறது? மாசத்துக்கு நாலு வள்ளம் கம்பு மிச்சம்" என்றான்.

பங்காளிகள் சிரித்தார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை. வண்டி ஏறும்போது தன் மாமியாரிடம் போயிட்டு வாரேன் என்றாள். எருமைக்கன்றைத் தடவிக்கொடுத்து அதனிடமும் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை.

பத்து நாளாக அந்த மிச்சக் கம்பு அவன் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தேடுது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் ஆறு மைல் நடந்து போனால் தெருவே நிறுத்தி விசாரிக்கும். அழைக்காமல் ஆடியில் வந்த மாப்பிள்ளை என்று அடுத்த ஆடி வரைக்கும் சொல்லிச் சிரிக்கும். சைக்கிள் என்றால் காற்று மாதிரி. வீட்டைக் கடக்கிற போக்கில் வாசலில் நிற்கிறவளிடம் அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, களத்தில் திரும்பி, எருமப்பட்டிக்கே மிதித்துவிடலாம். அங்கே சின்னராஜ் பிடித்துக்கொள்வான். அதுதான் திட்டம்.

வசந்தாமணி வாசலில் இல்லை.

மாமியார் ஆத்தாயிதான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். மாப்பிள்ளையைக் கண்டதும் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அத்தைக்கு என்ன ஒரு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே சென்னியப்பன் கடந்து போனான். தெருக்கோடியில் களத்தைச் சுற்றித் திரும்பினான்.

"மாப்பிள்ளைங்களா?" என்றாள் ஆத்தாயி, அவன் திரும்பி வரும்போது.

"ஆமாங்கத்தை. இந்தப் பக்கம் ஒரு சோலி. வசந்தா இருக்குதுங்களா?"

பதில் வருவதற்குள் சைக்கிள் அவனைத் தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டது. மாரியம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பதிலை வாங்க வந்தான்.

"தலைக்குத் தண்ணி வாத்துட்டு இருக்குதுங்க" என்றாள் ஆத்தாயி. கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

களத்தைச் சுற்றிவிட்டு வந்து, "எந்நேரம் ஆகுமுங்க?" என்றான்.

கோயிலைச் சுற்றிவிட்டு வந்தபோது, "எண்ணெ தேச்சுருக்குதுங்க, சித்த நேரமாகும்" என்றாள்.

இப்படி ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை பர்லாங்கு ஓடியது. உள்ளே வாங்க என்று மட்டும் அத்தை ஒரு சுற்றிலும் சொல்லவில்லை. நல்லதாய்ப் போயிற்று. சொல்லியிருந்தால் அவன் எப்படி இறங்குவான்?

ஏழாவது சுற்றில் மாமனார் வெளியே வந்தார். தங்கசாமி பெரிய உடம்புக்காரர், யாருக்காகவும் நடையை எட்டிப் போடாதவர். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கூடவே ஓடிவந்தார்.

"மாப்பிள்ளைங்க, எறங்கப் போறீங்களா?"

"இல்லீங்க மாமா."

மாமனார் முகத்தில் நிம்மதி வந்தது. சென்னியப்பனுக்கும் நிம்மதிதான். ஆடிக்கு மரியாதை கொடுக்கிற மாப்பிள்ளை என்று நினைத்திருப்பார்.

ஆனால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுப் பாவாயி முதலில் வந்தாள். அப்புறம் நெல் குத்திக்கொண்டிருந்தவர்கள் உலக்கையோடு வந்தார்கள். "ஏனுங்க, ஆடியில மாப்பிள்ளை வந்துருக்கறாரு. வந்தவரு எறங்காமச் சுத்தறாரு. என்னுங்க சமாச்சாரம்?" என்று பாவாயி கேட்டது சென்னியப்பன் காதில் விழுந்தது. மாமனார் என்ன சொன்னார் என்று விழவில்லை. திரும்பி வரும்போது பாதிதான் கேட்டது.

"...நாமக்கல்லுல பங்குனியில ஒருத்தரு மூணு நாளு எறங்காமச் சுத்துனாரில்ல. அந்தப் படங்கூட எங்கூட்டுல மாட்டியிருக்குதே..."

அந்தப் படம் சென்னியப்பனுக்கும் தெரியும். மாமனார் வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். முறுக்கிய மீசையும் நெஞ்சு நிறைய மெடலுமாக ஒரு ஆள், ஓடுகிற சைக்கிளிலேயே தனக்குத்தானே முகச்சவரம் செய்துகொள்கிற போட்டோ. அதை எதற்கு இப்போது இழுக்கிறார் என்று யோசித்துக்கொண்டே கோயிலைச் சுற்றினான். மீதி அடுத்த சுற்றில் கிடைத்தது.

"அது காசுக்குச் சுத்துனது. என்ற மாப்பிள்ளை மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டுச் சுத்தறாரு. பொழுது எறங்கற வரைக்கும் காலைத் தரையில ஊணமாட்டாரு."

வேண்டிக்கொண்டது யார்? சென்னியப்பன் வானத்தைப் பார்த்தான். பொழுது இன்னும் உச்சிக்கே வரவில்லை.

பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் வந்தது. அவன் போகிற தடமெல்லாம் ஊற்றினார்கள். பாவாயி ஒரு கொத்து வேப்பிலையைக் கைப்பிடியில் சொருகிவிட்டாள். செம்மண் தெரு குழைந்து வழுக்க ஆரம்பித்தது. விழுந்தால் வேண்டுதல் முறிந்தது என்று ஊரே பதறும். விழாமல் இருக்கவோ சக்கரம் விடமாட்டேன் என்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். பக்தியில் கடித்தான் என்று இரண்டு கிழவர்கள் கும்பிட்டார்கள்.

வசந்தாமணி பார்த்துக்கொண்டிருப்பாளா? ஜன்னல் ஓரமாக நின்றாவது பார்ப்பாளா?

"தல காய வெச்சுட்டு இருக்குதுங்க" என்றாள் ஆத்தாயி, கேட்காமலே.

அடுத்த சுற்றில் மாமனார் வண்டிக்காரச் சின்னானின் தோளைப் பிடித்துக் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சின்னான் ஓட்டமாய் ஓடி மாட்டைப் பூட்டினான்.

"வண்டி எங்கீங்க மாமா?"

"உங்களுக்குச் சோடா வாங்கியாறதுக்குங்க. தாகமாயிருக்குமில்ல."

சோடாக் கடை நாமக்கல் போகிற வழியில், மேற்கே இருக்கிறது. வண்டி கிழக்கே எருமப்பட்டித் தடத்தில் பறந்தது. சின்னானுக்கு நல்ல சோடா எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கும் என்று சென்னியப்பன் சமாதானப்பட்டுக்கொண்டான். நாக்கு வறண்டவனுக்குத் திசையெல்லாம் எதற்கு?

தானாகவே இறங்கிவிட ஒரு வழி அவனுக்குத் தோன்றியது. களத்தின் ஓரத்தில் சோளத்தட்டுப் போர் இருந்தது. கால் தவறியவன் போல அதில் போய்ப் பொத்தென்று சாய்ந்துவிட்டால் அடியும் படாது, பேரும் கெடாது. தெய்வக் குற்றத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு போரைப் பார்த்துத் திருப்பினான்.

நாலு பேர் கை அவனைத் தாங்கி நேராக்கியது.

"பாத்துங்க மாப்பிள்ளை. போர்ல மோதப் பாத்தீங்களே" என்றார் கண்ணுசாமி வாத்தியார். ஊர்த் தேகப்பயிற்சிக் கொட்டகையில் கர்லாக்கட்டை சுற்றச் சொல்லிக்கொடுக்கிறவர். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு முன்னால் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு எட்டுப் பேரையும் எண்ணெய் பூசி, லங்கோடு கட்டித் தயாராக நிறுத்தியிருந்தார். அந்த எட்டுப் பேரும் இப்போது சைக்கிளுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலாகக் கூடவே ஓடிவர ஆரம்பித்தார்கள்.

"நீங்க வெசனப்படாம மிதிங்க. எங்க உசிரே போனாலும் உங்கள உழுக உடமாட்டோம்" என்றார் வாத்தியார்.

அதற்கப்புறம் அவனால் ஆசைப்பட்டுக்கூட விழ முடியவில்லை. இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் நிமிர்த்தினார்கள். வலது பக்கம் சாய்ந்தால் இடது பக்கம் தள்ளினார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவன், "களைச்சுட்டாருடா, தள்ளுடா" என்று தள்ளினான்.

ஒரு சுற்றில் கம்மங்கூழுச் சொம்பு கொடுத்து, மறு சுற்றில் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தாள். இன்னொருத்தி ஓடிவந்து கைக்குழந்தையின் காலை அவன் முழங்காலில் தொட்டு எடுத்துக்கொண்டு போனாள். சீக்கிரம் நடை பழகுமாம்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மாமனார் கிட்டே வந்து ஓடும்போது குனிந்து சொன்னான்.

"மாமா, எனக்கு எறங்க..."

"எறங்கவே வேண்டாமுங்க மாப்பிள்ளை" என்றார் தங்கசாமி பதறிக்கொண்டு. "நம்ம குடும்பத்து மானமே இன்னிக்கு உங்க காலுலதான் இருக்குது. வண்டி வரட்டும். அதுவரைக்கும் மிதிங்க சாமி."

சோடா வருகிறதற்கும் குடும்ப மானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் மாமனார் வாயிலிருந்து சாமி என்று வந்த பிறகு மருமகன் என்ன பேச முடியும்?

பொழுது உச்சி சாய்ந்தபோது போட்டோக்காரர் குழந்தைவேல் வந்து சேர்ந்தார். மூன்று கால் கட்டையும் கறுப்புத் துணியும் பெட்டியுமாக, வாத்தியார் பிள்ளைகளைப் படம் பிடிக்க நாமக்கல்லிலிருந்து வந்தவர்.

"அவனுக எங்க போறானுக, எப்ப வேணா எடுத்துக்கலாம். முதல்ல மாப்பிள்ளைய எடுங்க" என்றார் தங்கசாமி. நாழி போக்க அவருக்கு எது கிடைத்தாலும் சம்மதமாயிருந்தது.

குழந்தைவேல் துணிக்குள் தலையை விட்டார். சைக்கிள் ஒரு தரம் போயிற்று. ஒரு தரம் வந்தது. தலையை வெளியே எடுத்தார்.

"ஓடறதப் பிடிக்க என்ற பெட்டிக்கு ஆகாதுங்க. நா நாலு எண்ணற வரைக்கும் ஆடாம அசையாம நிக்கோணும்."

"நின்னா வேண்டுதல் முறிஞ்சு போயிருமுங்களே" என்றாள் பாவாயி.

"நிக்காட்டிப் படத்துல புழுதிதாம்மா உழுகும்."

"நாமக்கல்லுல ஓடறவரையே எடுத்திருக்கறாங்க, எங்கூட்டுல இருக்குது" என்றார் தங்கசாமி.

"அத எடுத்ததே நானுங்க. சைக்கிளு பின்னாடி முட்டுக்கொடுத்து நிறுத்தி எடுத்தது. ஓடற மாதிரி அவரு தலைமயிர மட்டும் கலைச்சு உட்டேன்."

முட்டுக்கொடுத்து நிறுத்தலாம் என்று கேட்டதும் சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. ஆனால் முட்டுக்கொடுக்கவும் முதலில் நிற்க வேண்டுமே. கடைசியில் வாத்தியார்தான் வழி சொன்னார்.

"கால் தரையில படக் கூடாது, அவ்வளவுதானுங்களே. சைக்கிளோட சேத்து ஆளையே தூக்கிருவோம்."

அவன் வேண்டாம் என்பதற்குள் எட்டுப் பேரும் கையைக் கொடுத்தார்கள். சக்கரம் மண்ணை விட்டு எழும்பியது. துரை சைக்கிள் அந்த எண்ணெய்த் தோள்களுக்கு மேலே ஏறி நின்றது. அதற்கும் மேலே சென்னியப்பன், வேப்பிலையும் மஞ்சளுமாக, அம்மன் சப்பரம் போல இருந்தான். பழக்க தோஷத்தில் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

"காலு அசையுதுங்க" என்றார் குழந்தைவேல் துணிக்குள்ளிருந்து.

"மிதிக்காட்டி வேண்டுதல் என்னாகறது?" என்றது கூட்டம்.

"தூக்கிட்டு நிக்கறவனுக கை நடுங்குது, சட்டுனு எடுங்க" என்றார் வாத்தியார்.

சென்னியப்பன் காலை நிறுத்தினான். காலையிலிருந்து முதல் தடவையாக உலகம் ஓடாமல் நின்றது. மாமனார் வீடு நேர் எதிரே இருந்தது. மதிலுக்கு மேலே கூரை ஓடும், உள்வாசல் வேப்ப மரத்தின் நுனியும் தெரிந்தன. அந்த மரத்தடியில்தான் அவள் தலையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை கூச்சலிலும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் எவ்வளவு நொந்து போயிருப்பாள்? நாலு பங்காளிக்குப் பயந்து சொல்லாமல் விட்ட வார்த்தை அது. இப்போது எதிரே நிற்பது நானூறு பேர். நாலு பேருக்கு முன்னால் வந்த வெட்கம் நானூறு பேருக்கு முன்னால் எங்கேயோ தொலைந்துவிட்டது.

"ஒண்ணு" என்றார் குழந்தைவேல். "ரெண்டு."

"வசந்தா" என்று சென்னியப்பன் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். "எனக்குத் தேடுதுடி. நீ போன நாள்ல இருந்து தேடுது. கம்பு மிச்சம்னு சொன்னது பொய்யி. ஒரு புடி எறங்குல."

"வாய் அசைஞ்சுருச்சு, போச்சு" என்றார் குழந்தைவேல்.

கல்யாணமான பெண்களெல்லாம் தங்கள் வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். ஆத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தங்கசாமி தலையில் கைவைத்துக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சென்னியப்பன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறக்கவில்லை. ஒரு வளையல் சத்தம் இல்லை.

"எறக்குங்க" என்றான் வாத்தியாரிடம்.

"பொழுது இன்னும்..."

"எறக்குங்க. போதும்."

எட்டுப் பேரும் அவனைக் குழந்தையை இறக்குவது போல மண்ணில் இறக்கினார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மாமனாரிடம் போனான்.

"மாமா, நா வேண்டுதலு எதுவும் வேண்டிக்குலீங்க. எனக்கு எறங்கத் தெரியாது. காலையில இருந்து அதுதானுங்க சங்கதி."

தங்கசாமி கல்லிலிருந்து எழுந்தார். "எங்களுக்கும் உங்கள எறக்கறதுக்குத் தைரியம் இல்லீங்க மாப்பிள்ளை" என்றார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது கிழக்குத் தடத்திலிருந்து வண்டி வந்தது. மாடு இரண்டும் நுரை தள்ளின. வண்டிக்குள் ஆளுமில்லை, சோடாவுமில்லை. சின்னான் வண்டி நிற்குமுன்பே குதித்தான். இதற்குள் சுற்றி வந்து நின்றுவிட்ட எண்ணெய்த் தோள்களுக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளை அவன் கண்ணில் படவில்லை. மூச்சிரைக்க மாமனார் முன்னால் போய் நின்று சொன்னான்.

"ஐயா, வெடியக்காத்தால குறுக்குத் தடத்துல ஓடிப்போன நம்ம அம்மணி, எருமப்பட்டியில மாப்பிள்ளை ஊட்டு வாசப்படியில உக்காந்துக்கிட்டு, அவரு மொகத்தப் பாக்காம வண்டி ஏறமாட்டேங்குதுங்க."